கடலோரக் கோல்ஃப் கிளப்: பேரைப் பார்ப்பதா, முழங்காலைப் பார்ப்பதா?

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வருஷமாக லண்டன் குளிரில் சனிக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடிய மனுஷன். நவம்பர் பிறந்தால் மைதானம் சேறாகிவிடும், ஜனவரியில் பாதி நாள் கதவே திறக்காது. இனிக் குளிர்காலம் முழுக்க மத்தியதரைக் கடலோரத்தில்தான் என்று முடிவு கட்டியிருந்தார். தாளில் நாலு வரி: ஸ்பெயினின் வால்டெர்ராமா, மோன்டே கார்லோ, துருக்கியின் பெலெக்கில் ஏதாவது ஒன்று, சைப்ரஸில் ஏதாவது ஒன்று. முதல் இரண்டும் தொலைக்காட்சியில் பார்த்தவை, மற்ற இரண்டும் கூட்டாளிகள் சொன்னவை.

அக்கா தேநீரை வைத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "இவர் ஆடிக்கொண்டு திரியட்டும். அந்த அஞ்சு மணித்தியாலமும் நான் என்ன செய்யிறது?"

தாளில் அதற்கு இடமே இல்லை. அன்றிரவு நாங்கள் தாளைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினோம். அந்தப் பின்பக்கம்தான் இந்தக் கட்டுரை. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கரைகளுக்கு மட்டைப் பையைச் சுமந்துகொண்டு போய் வருகிறேன். ஹேண்டிகேப் 21 (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்; குறைந்தால்தான் நல்லது). நல்ல ஆட்டக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காசு எங்கே வீணாகும் என்று ஓரளவு தெரியும்.

முதலில் நாளை எண்ணுங்கள்

விடுமுறைக்குப் போகிறவர், குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறவர், குடியேறப் போகிறவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்து ஒரே கிளப்பில் காசு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவருக்கு ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் எல்லாம் சேர்த்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையையும் முகத்தையும் பதிந்து கணினியே நாளை எண்ணத் தொடங்கிவிட்டது. முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டு நழுவிய காலம் போய்விட்டது. துருக்கி இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தனியாக எண்ண வேண்டும். சைப்ரஸ் இந்தப் பொதுக் கணக்கு வைத்திருக்கும் ஷெங்கன் நாடுகளோடு சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறது. சேரும்வரை அதன் கணக்கும் தனி.

அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் ஸ்பெயினில் வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசா ஒன்று உண்டு. வருமானம் மாதம் சுமார் 2,400 யூரோவாவது இருப்பதாகக் காட்ட வேண்டும், துணைக்கு வருகிறவருக்குக் கூடுதலாகவும். வருஷத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினால் வரியும் அங்கேதான். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா என்று ஒன்று இருந்தது. அதை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுத் தரகர் யாராவது இன்னும் அந்தக் கதையைச் சொன்னால் அவரிடம் வேறு எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிடுவது நல்லது.

அத்தானுக்கு விசா வேண்டாம், 90 நாளே போதும். சரி, அந்த 90 நாளில் எத்தனை ஆட்டம் ஆடுவார்? வாரத்துக்கு மூன்று என்றார். பதின்மூன்று வாரத்துக்கு 39 ஆட்டம் வரும். மழை, விருந்தாளி, முழங்கால் மூன்றுக்கும் கழித்தால் 30 மிஞ்சும். ஒரு பேச்சுக்கு ஒரு ஆட்டம் 90 யூரோ, வருஷ உறுப்புரிமை 3,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 34 ஆட்டம் ஆடினால்தான் போட்ட காசு வரும். விலை கிளப்புக்குக் கிளப், மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று மாதம் இருக்கப்போகிறவர் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டுகிறார் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு வார விடுமுறைக்காரருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கட்டி ஆடிவிட்டு வர வேண்டியதுதான்.

ஸ்பெயினில் கிளப்போடு உறவு வைத்துக்கொள்ள மூன்று வழி உண்டு. முதல் வழி 'அக்சியோன்', அதாவது பங்கு. உறுப்பினர்களுக்கே சொந்தமான பழைய கிளப்களில் பங்கு ஒன்றை வாங்க வேண்டும், அதற்கு மேல் வருஷச் சந்தாவும் கட்ட வேண்டும். இன்னொன்று 'அபோனோ'. பங்கு எதுவும் இல்லை, ஒரு வருஷம் ஆடும் உரிமைக்கு மட்டும் காசு. இரண்டும் வேண்டாமென்றால் அன்றன்றைக்கு கிரீன் ஃபீ, அதாவது ஒரு ஆட்டத்துக்கான கட்டணம், கட்டி ஆடலாம். பங்கு வாங்கச் சொல்கிறவர்கள் அது ஒரு முதலீடு என்பார்கள். நல்ல காலத்தில் விற்கவும் முடியும்தான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு விற்க முயன்றவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அபோனோ எடுப்பதாக இருந்தால் 'கொர்ரெஸ்பொந்தென்சியா' உண்டா என்று கேளுங்கள். வேறு எந்தெந்தக் கிளப்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், அங்கே உங்களுக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது அதில் இருக்கும். ஒரே மைதானத்தை மூன்று மாதம் சுற்றிச் சுற்றி ஆடினால் எவ்வளவு அழகான மைதானமும் வேலைக்குப் போகிற பாதை மாதிரி ஆகிவிடும்.

பிறகு மழையை

மத்தியதரைக் கடலோரம் என்றாலே குளிர்கால வெயில் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பில்தான் நான் ஒரு ஜனவரியில் பெலெக்குக்கு வாசலான அண்டால்யாவில் போய் இறங்கி, ஐந்து நாள் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து குடையை எண்ணினேன். அண்டால்யாவில் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு நவம்பர் கடைசி முதல் பிப்ரவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பின்னால் நிற்கும் டாரஸ் மலை கடல் மேகத்தை மறிப்பதால் வருகிற வினை. மலாகாவில் அதில் பாதிதான், 500 மில்லிமீட்டரை ஒட்டி. முர்சியாப் பக்கம் 300. அல்மெரியாவில் 200 வந்தாலே பெரிய விஷயம்.

அதனால் பெலெக்கா, ஸ்பெயினா என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை மாதமே சொல்லிவிடும். அக்டோபர், நவம்பர் முற்பாதி, மார்ச், ஏப்ரல் என்றால் பெலெக். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்றால் ஸ்பெயினின் தென்கரை. ஜூலை, ஆகஸ்டில் எங்கேயும் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஏழரைக்கு முதல் பந்தை அடித்துவிட்டுப் பதினொன்றரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். அந்த மாதங்களில் பல இடங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் தாராள மனசு இல்லை.

கோஸ்தா டெல் சோல்: எல்லாம் இருக்கிறது, எல்லாம் மேட்டில் இருக்கிறது

மலாகா முதல் ஜிப்ரால்டர் வாசல் வரையுள்ள கரையில் 70-க்கும் மேற்பட்ட மைதானங்கள். கோஸ்தா டெல் சோல் என்பதையே கோஸ்தா டெல் கோல்ஃப் என்று மாற்றிச் சொல்வார்கள். ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமாக வேறெந்தக் கரையிலும் நான் பார்த்ததில்லை.

வால்டெர்ராமா அதன் மேற்கு முனையில், சோட்டோகிராண்டேயில் இருக்கிறது. ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் 1974-இல் அமைத்தது; 1980-களில் ஹைமே ஓர்டிஸ் பத்தீன்யோ கைக்கு வந்தபிறகுதான் இந்தப் பெயரும் புகழும். 1997-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை முதல்முறையாக ஐரோப்பாவின் பெருநிலத்துக்கு வந்தபோது இங்கேதான் நடந்தது. ஐரோப்பிய அணிக் கேப்டன் செவே பாயெஸ்டெரோஸ் தன் சின்ன வண்டியில் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தார். ஐரோப்பா 14½க்கு 13½ என்று மயிரிழையில் ஜெயித்தது. 17-ஆம் குழிக்கு முன்னால் ஒரு குளம், கிரீனிலிருந்து (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அதற்குள் இறங்கும் வழவழப்பான சரிவு. 1999-இல் டைகர் வுட்ஸின் பந்தே அந்தச் சரிவில் உருண்டு தண்ணீருக்குள் போயிற்று. அந்தக் குழியில் எட்டு அடித்தும் அவர் பிளே-ஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், ஜெயித்தார். நான் அங்கே ஆடியது ஒரே ஒரு முறை. மூன்று பந்தைக் குளத்துக்குக் காணிக்கை செலுத்தினேன், ஜெயிக்கவில்லை.

அந்த மைதானத்தில் எனக்கு மறக்காதது கார்க் மரங்கள். பட்டை உரித்த மரத்தின் தண்டு இடுப்புயரத்துக்கு மேல் சாம்பல் நிறமாகவும் கீழே செங்கல் சிவப்பாகவும், யாரோ காற்சட்டை மாட்டிவிட்ட மாதிரி நிற்கும். ஒருமுறை உரித்தால் அடுத்து உரிக்க ஒன்பது வருஷமாவது ஆகும். அந்த மரங்களின் கிளைகள்தான் அங்கே உண்மையான எதிராளி. வழியின் (கிரீனுக்குப் போகும் வெட்டிய புல்பாதை) நடுவில் பந்து கிடந்தாலும் கிரீனுக்குப் போகும் வானத்தை ஒரு கிளை மறித்துக்கொண்டிருக்கும்.

வெளியாட்கள் ஆட நாளில் சில நேரங்களை மட்டுமே ஒதுக்குகிறார்கள். ஒரு ஆட்டத்துக்கே பல நூறு யூரோ. வாழ்நாளில் ஒருமுறை ஆட வேண்டிய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உறுப்பினராகச் சேர ஏற்ற இடம், நம்மைப் போன்றவர்களுக்கு, இல்லை. அதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. சோட்டோகிராண்டே ஜிப்ரால்டர் ஜலசந்தியின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிலிருந்து லெவாந்தே, மேற்கிலிருந்து போனியெந்தே என்று இரண்டு காற்றும் முறை வைத்து வீசும். நாலு நாள் தொடர்ந்து லெவாந்தே வீசினால் ஆட்டம் மல்யுத்தமாகிவிடும். அதோடு அங்கே காரில்லாமல் பால் வாங்கவும் போக முடியாது. அக்காவின் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பக்கத்திலேயே 1964-இல் தொடங்கிய ரியல் கிளப் சோட்டோகிராண்டே இருக்கிறது. ட்ரென்ட் ஜோன்ஸ் ஐரோப்பாவில் அமைத்த முதல் மைதானம் அதுதான். பெயருக்காக இல்லாமல் ஆட்டத்துக்காகப் போகிறவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்தது.

கிழக்கே வந்தால் மார்பெய்யா. நகரத்துக்குப் பின்னால் நுவேவா அந்தலூசியாவில் லாஸ் பிரிசாஸ், லோஸ் நரான்ஹோஸ், அலோஹா மூன்றும் கல்லெறி தூரத்தில் இருக்கின்றன. கோல்ஃப் பள்ளத்தாக்கு என்றே பெயர். லா கொன்சா மலை முதுகில் நின்று வடகாற்றை மறைக்கிறது. மார்பெய்யாவின் குளிர்காலம் இதமாக இருப்பதற்கு அந்த மலைதான் காரணம். லாஸ் பிரிசாஸில் 1973-இலும் 1989-இலும் உலகக் கோப்பை நடந்தது. கிரீன்கள் ஆமை முதுகு மாதிரி. தண்ணீர் எங்கே பார்த்தாலும் ஓடும். என் கட்சி லோஸ் நரான்ஹோஸ். பெயருக்கேற்ற மாதிரி பின் ஒன்பது குழிகள் ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் போகின்றன. ஜனவரியில் பந்தைத் தேடிப் புல்லை விலக்கினால் பழம்தான் முதலில் அகப்படும். அகலமான வழிகள், பெரிய கிரீன்கள், நடக்கக்கூடிய தரை.

'நடக்கக்கூடிய' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனாலே மலை. மைதானங்களில் பல, ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) போக வண்டி இல்லாமல் முடியாதவை. கசாரெஸ் அருகே 'ஃபின்கா கோர்த்தெஸின்' என்ற மைதானம் அப்படிப்பட்டது. 2023-இல் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதிய சோல்ஹைம் கோப்பை அங்கே 14க்கு 14 என்று சமனில் முடிந்து ஐரோப்பாவிடமே தங்கியது. பார்வையாளர்கள் மூச்சு வாங்கி ஏறிய அந்த மேடுகளை ஆடுகிறவரும் ஏறித்தானே ஆக வேண்டும்? வண்டி வாடகை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேரும். அதைவிட, நடப்பதற்காகவே கோல்ஃப் ஆடுகிறவருக்கு வண்டியில் போவது சாமி கும்பிடக் காரிலேயே சுற்றி வருவது மாதிரி. அத்தான் அன்று சொன்னது: "தம்பி, மேட்டில ஏற எனக்கு முழங்கால் ஏலாது. ஆனா வண்டியில இருந்து ஆட மனசு ஏலாது."

அப்புறம்தான் நான் தாளில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னேன். மலாகா பாரடோர். டாம் சிம்ப்சன் 1925-இல் அமைத்தது, இந்தக் கரையின் மிகப் பழைய மைதானம். கடற்கரையை ஒட்டிய சமதரை, யூகலிப்டஸும் பைனும். அரசாங்க ஹோட்டல் ஒன்று கூடவே இருக்கிறது. யாரும் காசு கட்டி ஆடலாம். குறை? விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் 'பட்' அடிக்கக் குனியும்போது தலைக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் போகும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் எந்த விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பந்தயம் கட்டத் தொடங்கிவிடுவோம். மார்பெய்யாக்காரர்கள் இந்த மைதானத்தைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பெலெக்: குடும்பத்தோடு பத்து நாள்

அண்டால்யா விமான நிலையத்திலிருந்து கிழக்கே அரை மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக. 1990-களில் தொடங்கிய திட்டமிட்ட சுற்றுலாப் பகுதி. மணல் தரையில் குடை விரித்த மாதிரி பைன் மரங்கள், அவற்றுக்கு நடுவே வரிசையாக மைதானங்கள். முழங்காலுக்கு இதைவிட நல்ல தரை இந்தக் கடலோரத்தில் இல்லை, பெரும்பாலும் சப்பை. பீட்டர் தாம்சனின் நிறுவனம் வடிவமைத்த கார்யா மைதானத்தில் ஹெதர் புதர்களை நட்டு இங்கிலாந்துப் புறம்போக்கு நிலம் மாதிரியே செய்திருக்கிறார்கள். மின்னொளியில் இரவிலும் ஆடலாம். பெரி டை அமைத்த லிகியா லிங்க்ஸ் கடலை ஒட்டி மணல்மேடுகளோடு ஓடுகிறது. 2019 துருக்கிய ஏர்லைன்ஸ் ஓப்பனில் ஆறு பேர் சமனாக நின்று, இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் டிரெல் ஹாட்டன் ஜெயித்ததும் இந்தப் பெலெக்கில்தான்.

இங்கே ஹோட்டல்தான் ராஜா. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மைதானம், வண்டிப் போக்குவரத்து எல்லாம் ஒரே விலைக்குள். ஆடாதவருக்கு ஹமாம் என்கிற துருக்கிய நீராவிக் குளியல், நீச்சல் குளம், கடல். கொஞ்சம் வெளியே போக மனசிருந்தால் ஆஸ்பெண்டோஸில் கிட்டத்தட்ட முழுசாக நிற்கிற ரோமானிய அரங்கம். அதன் மேல் படியில் உட்கார்ந்து கீழே யாராவது காசைக் கல்லில் போட்டால் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது எல்லாச் சுற்றுலாக்காரர்களும் செய்கிற வேலை. என் மனைவி ஸ்பெயினைவிட இங்கே வரத்தான் சம்மதிப்பாள்.

ஆனால் கிளப் என்று சொல்லும்போது நாம் நினைக்கிறோமே, செவ்வாய்க்கிழமை காலை அதே நாலு முகம், ஆட்டத்துக்குப் பின் ஒரு மேசை, போன வாரம் தோற்ற பந்தயத்தின் காப்பி, அது பெலெக்கில் கிடைப்பது கடினம். எல்லோரும் ஏழு நாளில் போய்விடுகிறவர்கள். பன்னிரண்டாம் நாள் காலை உணவு மேசையில் எனக்கு வந்த சலிப்பை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. விடுமுறைக்கு முதல் இடம், வாழ்வதற்குக் கடைசி இடம்.

கான், மொனாக்கோ, மற்றவை

பிரெஞ்சுக் கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசு இருந்தால் ஒருமுறை போங்கள். மோன்டே கார்லோ கிளப் மொனாக்கோவிலேயே இல்லை. மேலே பிரான்சுக்குள், லா துர்பியில், கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் மலைத்தோளில் 1911-இலிருந்து உட்கார்ந்திருக்கிறது. காட்சி அபாரம். மேகம் வந்து உட்கார்ந்தால் காட்சியும் கிடையாது, கொடியும் தெரியாது. அத்தானின் பட்டியலிலிருந்து அதை முதலில் அடித்தோம்.

கானுக்குப் பக்கத்தில் மாண்ட்லியு பழைய மைதானம் வேறு ரகம். ரஷ்யக் கோமகன் மிஹயில் 1891-இல் தொடங்கி வைத்தது; குடை பைன் மரங்களுக்கு நடுவே சப்பைத் தரை. ஆட்டத்துக்கு நடுவே சியாக்னே ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. கரையில் ஒரு சின்னத் தட்டைப் படகு நிற்கும். மட்டைப் பைகளோடு ஏறி நின்றால் அக்கரையில் கொண்டுபோய் விடும். முன்னால் மோசமாக அடித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்தவர்கள்கூட அந்தப் படகில் சிரித்துவிடுவார்கள். அதற்காகவே இன்னொருமுறை போவேன். அங்கே மூன்று மாதம் வாடகை கொடுத்துத் தங்குவது பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சைப்ரஸ் லண்டன்காரர்களுக்குச் செருப்பைக் கழற்றாமல் நுழைகிற வீடு மாதிரி. இடப்பக்கம் ஓட்டலாம், மூன்று முனைப் பிளக் பொருந்தும், மருந்துக்கடையில் இங்கிலீஷ் எடுபடும். பாஃபோஸைச் சுற்றி அஃப்ரொடைட் ஹில்ஸ், எலேயா, பழைய மடாலயம் ஒன்றைச் சுற்றி அமைந்த மின்திஸ் என்று நல்ல மைதானங்கள் இருந்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்றாம் வாரத்தில் பட்டியல் தீர்ந்துவிடும்.

முர்சியாவில் விலை குறைவு, மழை அதைவிடக் குறைவு. 1972-இலிருந்து இருக்கிற லா மங்காவில் மூன்று மைதானங்கள். 1973 முதல் 1977 வரை ஸ்பானிஷ் ஓப்பன் அங்கேதான். மார் மேனோர் காயலைச் சுற்றி கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸின் நிறுவனம் வடிவமைத்த மைதானங்கள் வரிசையாக இருக்கின்றன. கூடவே 2008-இல் பாதியில் நின்றுபோன கட்டடங்களின் கதையும். கார் இல்லாமல் அங்கே வாழ முடியாது. கடலோர மணல்மேட்டில் சுத்தமான ஆட்டம் வேண்டுமென்றால் வலென்சியாவுக்குத் தெற்கே எல் சலேருக்குப் போங்கள். ஹாவியெர் அரானா 1968-இல் அமைத்தது. பெர்ன்ஹார்ட் லாங்கர் 1984-இல் அங்கே 62 அடியில் முடித்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

மைதானத்தை ஒட்டி வீடு வாங்க ஆசைப்படுகிறவருக்கு

ஒருமுறை பத்து நாளுக்கு அப்படியொரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. விளம்பரப் படத்தில் பால்கனிக்குக் கீழே பச்சைக் கம்பளம். நேரில் போனால் பால்கனி மூலையில் ஒரு வாளி நிறையப் பந்து. முன்னால் இருந்தவர்கள் பொறுக்கி வைத்தது. இரண்டாம் நாள் காரணம் புரிந்தது. வீடு, டீயிலிருந்து சுமார் 190 மீட்டரில், வழிக்கு வலப்பக்கம். வலக்கைக்காரர்களில் சாதாரண ஆட்டக்காரர் அடிக்கிற பந்து வளைவது வலப்பக்கம்தான், விழுவதும் அந்தத் தூரத்தில்தான். காலை எட்டரை முதல் பத்து மணி வரை நாங்கள் பால்கனிப் பக்கமே போகவில்லை. நான் பொறுக்கியது பதினாலு.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போனால் டீக்கு நடந்து போய் நின்று வீட்டைத் திரும்பிப் பாருங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, பூந்தொட்டிக்குள் பந்து கிடக்கிறதா, அண்டை வீட்டுக்காரர் வலை கட்டியிருக்கிறாரா என்று கவனியுங்கள். விடியற்காலை புல்வெட்டி வரும் நேரத்தில் ஒருநாள் அங்கே இருந்து பாருங்கள். குடியிருப்புச் சங்கத்துக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், அதில் கிளப் உறுப்புரிமை சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சேராது; வாயால் சேரும் என்பார்கள்.

தண்ணீரையும் கேட்க வேண்டும். 2023, 2024 வறட்சியில் மலாகா மாகாணத்தில் நீச்சல் குளம் நிரப்பவே கட்டுப்பாடு வந்தது. நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிற மைதானங்கள் சமாளித்தன. அந்த ஏற்பாடு இருந்தால் தெளிப்பான் மூடியோ குழாயோ ஊதா நிறத்தில் இருக்கும், குடிக்காதீர்கள் என்று பலகையும் இருக்கும். கிளப் அலுவலகத்தில் கேட்பதற்கு முன் தரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. காசு கட்டுவதற்கு முன் 'பின்ச்சாதோ' எப்போது என்று கேளுங்கள். கிரீன்களைக் குத்தித் துளையிட்டு மணல் நிரப்பும் வேலை. அது முடிந்து சில நாள் பட் அடிப்பது ரவை உப்புமாவில் கோலி உருட்டுவது மாதிரி. அக்டோபரில் பல இடங்களில் வழிகளில் குளிர்காலப் புல்லும் விதைப்பார்கள். தேதியைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காவிட்டால் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு புன்னகைப்பார்கள். தனியாளாக வந்தால் ஆட்டம் சேர்த்துவிடுவீர்களா என்றும் கேளுங்கள். 'நாலு பேராக வாருங்கள்' என்கிற கிளப்பில், ஊருக்குப் புதிதாக வந்த ஓய்வு பெற்றவர் சேரவே கூடாது. கிளப் வழங்கிய ஹேண்டிகேப் சான்றையும் கையோடு வைத்திருங்கள், பல இடங்களில் கேட்பார்கள்.

தாளின் பின்பக்கத்தில் எழுதியது

விடுமுறைக்கு, மனைவியோடு, அக்டோபரிலோ ஏப்ரலிலோ: பெலெக். குளிர்காலம் மூன்று மாதம்: மலாகாப் பக்கம், அபோனோகூட இல்லாமல், முதல் வருஷம் ஆட்டத்துக்கு ஆட்டம் காசு. குடியேறுவது: இரண்டு குளிர்காலம் வாடகையில் இருந்து பார்த்த பிறகு நுவேவா அந்தலூசியாவில், அதுவும் சமதரை மைதானத்தில், வருஷ உறுப்புரிமை. பங்கு வாங்குவதை என்னால் யாருக்கும் சொல்ல முடியாது. மார்பெய்யாவில் காசு உள்ளவர்கள் என்னை மறுப்பார்கள்; அவர்கள் கணக்கு வேறு.

அத்தான் ஜனவரி 3 முதல் மார்ச் கடைசி வரை டோர்ரெமோலினோஸில் இரண்டறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அங்கிருந்து பாரடோர் மைதானம் காரில் சில நிமிஷம். அக்காவுக்கு மலாகா போகும் மின்ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில். இரண்டாம் வாரமே அவர் அத்தாரசானாஸ் சந்தையைக் கண்டுபிடித்துவிட்டார். நஸ்ரிய அரசர் காலத்துக் கப்பல்துறையின் பளிங்கு வாசல் இன்னும் நிற்கிற சந்தை அது. உள்ளே மீன் கடைகள். மலாகாக்காரர்களுக்குப் பட்டப்பெயரே 'போகெரோனெஸ்', அதாவது நெத்திலி. ஊரே நெத்திலி ஊர் என்று தெரிந்ததும் அக்கா ஃபோனில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரியில் நான் போனபோது அத்தான் வால்டெர்ராமாவில் தன் பிறந்தநாளுக்கு ஒரு ஆட்டம் பதிந்து வைத்திருந்தார். 17-ஆம் குழிக்கென்று பழைய பந்து ஆறு தனியாக எடுத்து வைத்திருந்தார். அக்கா வரவில்லை. அன்று சனிக்கிழமை, சந்தைக்குச் சின்ன நெத்திலி வரும் என்றார்.